ஐம்பதில் மேலே வா

கள்ளப்பாட்டில் கொம்பிரசர் என்னுடையது.
விடிய நாலரைக்கு முதல் சிலிண்டர்.
முள் மூவாயிரத்தைத் தொட்டதும் வால்வைப் பூட்டி
தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவேன், சூடாறட்டும் என்று.
மூவாயிரம் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.
மூவாயிரம் என்றால் நிறைவு.
ஐந்நூறு என்றால் ஏறு.
அதற்கும் கீழே அட்டை பொறுக்கிவிட்டு
ஒரே மூச்சில் மேலே வந்தவன் சூசைநாதன்.
இப்போது சில்லுக் கதிரையில் இருந்து வலை பொத்துகிறான்.

றெக்சன் மாலைதீவுக்குப் போய்
பதினோராம் நாள் இரவு எடுத்தான்.
"இஞ்ச எல்லாம் பார்" என்றான்.
எதைப் பார்க்க என்றேன்.
"காத்தை. இருநூறு பார், நூறு பார்."
சிரித்தோம்.

பிறகுதான் மெல்லச் சொன்னான்.
முதல் நாள் முதலாளியின் கட்டளை:
ஐம்பதில் மேலே வா.
இவன் கட்டியிருந்தது எங்கள் அட்டைக் காசில் வாங்கிய மானி.
அதில் ஐம்பது
பூச்சியத்துக்கு ஒரு மயிரிடை தள்ளி.
ஐந்நூறில் நெஞ்சு ஏறு என்றதாம்.
புது இடம், புதுச் சட்டம், வெள்ளைக்காரர் முன்னால்
பயந்தவன் என்று பெயர் எடுக்கக்கூடாதென்று நின்றானாம்.
இருநூறில் காற்றுத் தடித்தது,
ஈரச் சீலைக்குள்ளால் இழுப்பதுபோல.
பக்கத்தில் நீந்திய ஜேர்மன்காரி
மானியைத் திருப்பிப் பார்த்து
தன் மற்ற வாய்க்குழாயை அவன் பல்லுக்குள் திணித்தாளாம்.
மூன்று பாகத்தில் மூன்று நிமிடம்
ஒரே சிலிண்டரில் இருவரும் தொங்கினார்களாம்.

இதற்கும் அவன் சிரித்தான்.
நான் போனை வைத்துவிட்டேன்.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கம்
மூவாயிரத்தைப் பதினாலரையால் பிரித்தேன்.
இருநூற்றாறு, பிறகு முடியாத வால்.
ஐம்பதைப் பெருக்கினேன்: எழுநூற்று இருபத்தைந்து.
ஈயம் ஆறு கிலோ, பதின்மூன்று இறாத்தல்.
படம் எடுத்து அனுப்பினேன்.
"அமெரிக்கன் ஒருத்தன் வந்திருக்கிறான், அவனுக்கு அடி வேணும்."
பத்து மீற்றருக்கு முப்பத்துமூன்று எழுதினேன்.
"பாகம்?"
அதில்தான் கை நின்றது.

யாருடைய பாகம்?
பதுங்குகுழி வெட்டிய நாட்களில்
அளவு நெஞ்சுமட்டம்.
யாருடைய நெஞ்சு என்று தம்பி கேட்டான்.
உயர்ந்தவனுடையது என்றார் அப்பா,
மண்வெட்டியை நிறுத்தாமல்.

றெக்சன் போவதற்கு முதல் நாள்
இரு கை விரித்து அளந்து முடிச்சிட்ட கயிறு
கொட்டிலில் கிடந்தது.
தையல் நாடாவை வைத்துப் பிடித்தேன்.
அவன் பத்துப் பாகம் பதினெட்டு மீற்றர் எழுபது.
சுவரோடு நின்று என் கைகளை விரித்தேன்,
சின்னவள் நாடா பிடித்தாள்.
என் பத்துப் பாகம் பதினைந்தரைக்குச் சற்று மேல்.
இடையில் மூன்று மீற்றர்.
அதற்குள் ஓர் ஆள் நின்று
கையையும் உயர்த்தலாம்.
அவனுக்கு ஒன்று தசம் எட்டு ஏழு என்று மட்டும் அனுப்பினேன்.
மீதியை எழுதவில்லை.

மாசிக்கு முதல் ஆள் ஒருவரிடம்
பார் மானி ஒன்று கொடுத்துவிட்டான்.
பொருத்தி நிரப்பினேன்.
இருநூற்றேழில் நிறுத்தியதும் நிலக்சன் கத்தினான்:
"அக்கா, இதென்ன, முக்காலே மூவாயிரம் குறையுது!"
இதுதான் உன் மூவாயிரம் என்றேன்.
தூக்கிப் பார்த்தான், பாரம் அதேதான்.
ஆனாலும் நம்பவில்லை,
காசை எண்ணி நூறு ரூபா குறைத்துத் தந்தான்.
வாங்கிக்கொண்டு இன்னொரு நூறு கேட்டேன்.

ஐந்நூறுக்குக் கணக்கு முப்பத்துநாலு.
கண்ணாடியின் மேல்
சின்னவளின் சிவப்பு நகப்பூச்சால்
ஐம்பதில் கீறினேன்.
பெடியளுக்குக் கணக்கு விளங்கிவிட்டது, அதுதான் கரைச்சல்.
"பதினாறு பார் அட்டை போகுதே அக்கா."

போகட்டும் என்றேன்.
சூசைநாதன் ஊசியை வாயில் கவ்வியபடி
கதிரையை வெயிலுக்கு உருட்டினான்.